13 வினாடிகளா, டாஸா? 2021 சீசன் என்.எஃப்.எல். பிளே ஆஃப் இரண்டாம் சுற்று

நான்காம் முயற்சி எழுதியது:

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் பிளே ஆஃபில் (தோற்ற அணி வெளியேறும் சீசன் முடிவு ஆட்டங்கள்) 2022 ஜனவரி 22, 23 ஆகிய இரு நாட்களில் நடந்த நான்கு ஆட்டங்களைப் பற்றிப் பேசவே இந்த இழை. சின்சினாட்டி பெங்கால்ஸ், டென்னசி டைட்டன்ஸை 19-16 என்று வென்றது. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், கிரீன் பே பேக்கர்ஸை 13-10 என்று வென்றது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், டாம்பா பே பக்கனியர்ஸை 30-27 என்று வென்றது. இந்த மூன்றும் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது அடித்த ஃபீல்ட் கோலால் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளிகள்) முடிந்தவை. மூன்றிலும் சொந்த மைதானத்தில் ஆடிய அணிதான் தோற்றது. நான்காவதாகக் கான்சஸ் சிட்டி சீஃப்ஸும் பஃபலோ பில்ஸும் ஆடிய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 42-36 என்று சீஃப்ஸுக்குச் சாதகமாக முடிந்தது. நான்கு ஆட்டங்களின் வித்தியாசத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் 15 புள்ளிகள்தான் வரும்.

அந்த நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு லீக் தன் கூடுதல் நேர விதியையே மாற்றியது; அதுவரை, டாஸ் வென்று முதலில் ஆடும் அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளிகள்) எடுத்தால் எதிரணிக்குப் பந்தே வராமல் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் "பில்ஸ் டாஸில் தோற்றது, அதன் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஆலனின் கைக்குப் பந்து வரவே இல்லை, விதி அநியாயமாக இருந்தது" என்ற ஒரே வரியில் அந்த ஆட்டம் மக்கள் நினைவில் நின்றுவிட்டது. இந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாலாம் கால்பகுதியில் 13 வினாடி மீதமிருக்கையில் பில்ஸ் 36-33 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணி தன்னுடைய 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியது. சீசன் முழுவதிலும் மிகக் குறைந்த புள்ளிகளையும் மிகக் குறைந்த யார்டுகளையும் விட்டுக்கொடுத்த தடுப்பணி பில்ஸிடம் இருந்தது. அந்த நிலையிலிருந்து இரண்டே பாஸ்களில் 44 யார்டு கொடுத்து, சீஃப்ஸின் உதைக்காரர் ஹாரிசன் பட்கருக்கு 49 யார்டு ஃபீல்ட் கோல் அடிக்க வழிவிட்ட அணி, அதற்குப் பிறகு சுண்டப்பட்ட நாணயத்தைக் குறை சொல்வது எப்படிப் பொருந்தும்? விதி மாறியது நல்லதுதான், ஆனால் பில்ஸ் தோற்றதற்குக் காரணம் விதி இல்லை என்பது என் வாதம். மறுப்பவர்கள் ஆட்டத்தை வைத்தே மறுக்க வேண்டுகிறேன்.


எருமைக்கொம்பு எழுதியது:

பெயரைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும் என்பதால் அதை மறைக்கப் போவதில்லை. நண்பர் நான்காம் முயற்சி சொல்லும் 13 வினாடிகளை பில்ஸ் ரசிகர்கள் யாரும் மறக்கவில்லை. மறக்க விடுவாரும் இல்லை. ஆனால் ஒரு தவறு நடந்தது என்பதற்காக அதற்கடுத்து நடந்த அநியாயம் நியாயமாகிவிடாது.

கடைசி இரண்டு நிமிடங்களில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 26-21 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது முயற்சியில் (நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும்) 13 யார்டு தேவைப்பட்ட இடத்தில், ஆலன் 27 யார்டு பாஸை கேப்ரியல் டேவிஸுக்குக் கொடுத்து டச்டவுன் எடுத்தார். அப்போது மீதம் 1 நிமிடம் 54 வினாடி. கூடவே, டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் ஸ்டெஃபான் டிக்ஸ் மூலம் இரண்டு புள்ளிகளும் கிடைத்து 29-26 ஆனது. 52 வினாடிகளில் சீஃப்ஸின் டைரீக் ஹில் 64 யார்டு ஓடிப்போய் அதைத் திருப்பினார். மறுபடி ஆலன், மறுபடி டேவிஸ், 19 யார்டு, 13 வினாடி மீதம். டேவிஸ் அன்று பிடித்த டச்டவுன்கள் நான்கு. பிளே ஆஃப் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் வேறு எந்த ரிசீவரும் அதுவரை அத்தனை பிடித்ததில்லை. ஆலன் 37 பாஸ்களில் 27ஐ முடித்து, 329 யார்டும் 4 டச்டவுனும் எடுத்து, ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துக்கொள்ளும் பாஸ்) கொடுக்கவில்லை. இப்படி ஆடிய ஒருவர், நாணயம் விழும்போது "பூ" என்று கேட்டு "தலை" விழுந்துவிட்டதால், மீதி ஆட்டத்தைப் பக்கக்கோட்டில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. சீஃப்ஸ் 75 யார்டு போய், டிராவிஸ் கெல்சியின் 8 யார்டு டச்டவுனோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டது.

இது அன்று மட்டும் நடந்ததும் இல்லை. முதல் வாய்ப்பில் டச்டவுன் எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்ற அந்த விதி 2010இல் பிளே ஆஃபுக்கு வந்தது. அதன் கீழ் நடந்த பிளே ஆஃப் கூடுதல் நேரங்களில் டாஸ் வென்ற அணிகள் அந்த ஞாயிறு வரை 11க்கு 10 என்று வென்றிருந்தன. இரு அணிகளின் தடுப்பும் களைத்துப்போய், இரு குவார்ட்டர்பேக்குகளும் உச்சத்தில் இருக்கும்போது, பந்து முதலில் யார் கைக்குப் போகிறது என்பதுதான் ஆட்டத்தின் முடிவு. அதை ஒரு நாணயத்திடம் ஒப்படைப்பது சரியா என்பதே கேள்வி.


புதிய பார்வையாளர் எழுதியது:

இந்த விளையாட்டை இரண்டு சீசன்களாகத்தான் பார்க்கிறேன். ஆகையால் அடிப்படைக் கேள்வி ஒன்று. 13 வினாடி என்பது மிகக் குறைந்த நேரம். பில்ஸ் அணி கிக் ஆஃபை (புள்ளி எடுத்த பின் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) பின்கோட்டுக்கு வெளியே அடித்ததால் கடிகாரம் ஓடவே இல்லை என்று எங்கும் குறை சொல்லப்படுகிறது. குட்டையாக அடித்திருந்தால் உண்மையிலேயே முடிவு மாறியிருக்குமா, அல்லது இது பிற்பாடு தோன்றும் ஞானமா?


கடிகாரப் பிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கிக் ஆஃபில் பந்து காலை விட்டுக் கிளம்பியதும் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. களத்துக்குள் ஒருவர் அதைத் தொட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். பில்ஸின் உதைக்காரர் டைலர் பாஸ் அடித்த பந்து நேரே எண்ட் ஸோனுக்கு (கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி) போய், யாரும் எடுத்து ஓடாமல் டச்பேக் ஆனதால் 13 வினாடி அப்படியே 13 வினாடியாக நின்றது, சீஃப்ஸுக்குப் பந்து 25 யார்டு கோட்டில் கிடைத்தது. தரையில் தட்டித் தட்டி உருளும்படி அடித்திருந்தால், அதை எடுத்து ஓடுபவர் சில வினாடிகளைச் செலவழித்தே ஆக வேண்டும். உயரமாகக் குட்டையாக அடித்தால் ஃபேர் கேட்ச் (ஓடாமல் பிடிப்பதாகக் கைகாட்டுவது) கேட்டு ஒரு வினாடிகூடப் போகாமல் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், உருட்டல்தான் பயன்படும். அதன் விலை, எதிரணி 25க்குப் பதிலாக 35 அல்லது 40 யார்டிலிருந்து தொடங்கலாம் என்பது. சீஃப்ஸுக்கு அந்தக் கூடுதல் யார்டுகள் முக்கியமா, அல்லது பறிபோகும் நான்கைந்து வினாடிகள் முக்கியமா? அடுத்து நடந்ததைப் பார்த்தால் விடை தெரியும். ஹில்லுக்குப் போன முதல் பாஸ் 19 யார்டு, செலவு 5 வினாடி. கெல்சிக்குப் போன இரண்டாவது பாஸ் 25 யார்டு, செலவு மறுபடி 5 வினாடி. மீதம் 3 வினாடி. கையில் 8 அல்லது 9 வினாடி மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டு பாஸ்களையும் ஆடிவிட்டு ஃபீல்ட் கோலுக்கும் நேரம் வைத்திருப்பது நடக்காத காரியம். ஒரே பாஸ், அதற்கு மேல் நீண்ட தூர உதை என்று போயிருக்கும்.

ஆனால் உதையைவிடப் பெரிய தவறு அதற்கடுத்த அந்த இரண்டு பாஸ்களின்போது பில்ஸ் நின்ற விதத்தில் இருந்தது என்பேன். அந்தக் கட்டத்தில் சீஃப்ஸ் கையில் டைம் அவுட்கள் இருந்தன. டைம் அவுட் இல்லாத அணிதான் கடிகாரத்தை நிறுத்தப் பக்கக்கோட்டுக்கு வெளியே போயாக வேண்டும். டைம் அவுட் உள்ள அணிக்கு மைதானத்தின் நடுப்பகுதியும் பக்கக்கோடும் ஒன்றுதான். பில்ஸ் தடுப்பாட்டக்காரர்களோ பக்கங்களைக் காத்துக்கொண்டு, மிகவும் பின்வாங்கி நின்று, நடுவைத் திறந்து விட்டார்கள். கெல்சி தனக்குச் சொல்லப்பட்ட வழியில் ஓடாமல், முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து நேராக ஓடப்போவதாக சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸிடம் சொன்னதும், பந்து வரும் முன் மஹோம்ஸ் "செய் கெல்சி, செய்" என்று கத்தியதும் மைக்கில் பதிவாகியிருக்கின்றன. களத்தில் நின்ற இருவருக்கு வெறுங்கண்ணால் தெரிந்த ஓட்டை அது. ஆட்டத்துக்குப் பிறகு பில்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட், செயல்படுத்தியதில் குறை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். யார் என்ன சொன்னார்கள், உதைக்கு யார் பொறுப்பு என்ற விவரத்துக்கு அவர் போகவே இல்லை.

ஆகவே புதிய பார்வையாளருக்கு என் பதில்: இது பிற்பாடு தோன்றிய ஞானம் இல்லை. பந்து எண்ட் ஸோனுக்குப் பறந்துகொண்டிருக்கும்போதே பார்த்துக்கொண்டிருந்த பலர் ஏன் என்று கேட்டார்கள்.


பனித்திடல் எழுதியது:

எல்லோரும் ஞாயிறு இரவு ஆட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். விதி, டாஸ் எதையும் சாக்காகச் சொல்ல முடியாத தோல்வி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை பேக்கர்ஸின் மைதானமான லாம்போ ஃபீல்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பேக்கர்ஸ் 13 வெற்றிகளோடு தேசிய கான்ஃபரன்ஸின் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) முதல் இடத்தில் இருந்த அணி. அதன் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அந்த சீசனிலும் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், பிறகு பனிப்பொழிவும் சேர்ந்துகொண்டது. எதிரணியான ஃபார்ட்டி நைனர்ஸின் தாக்குதல் அணி ஆட்டம் முழுவதும் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு பேக்கர்ஸ் தோற்றது.

தோற்ற விதம் மூன்று உதைகளில் இருக்கிறது. முதல் பாதி முடியும் நேரத்தில் மேசன் கிராஸ்பி அடிக்க வந்த 39 யார்டு ஃபீல்ட் கோலை ஜிம்மி வார்ட் தடுத்தார். 10-0 ஆக வேண்டியது 7-0 ஆகவே நின்றது. ஆட்டம் முடிய 5 நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில், 10-3 என்ற முன்னிலையில், பேக்கர்ஸ் பண்ட் (பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) அடிக்க வந்தது. ஜோர்டன் வில்லிஸ் நடுவே புகுந்து அதைத் தடுக்க, பனியில் கிடந்த பந்தை டலனோவா ஹுஃபங்கா எடுத்து 6 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். கடைசியாக ராபி கோல்ட் 45 யார்டு ஃபீல்ட் கோல் அடித்தார். அந்தக் கடைசி உதையைத் தடுக்கக் களத்தில் நிற்க வேண்டிய 11 பேரில் பேக்கர்ஸுக்கு 10 பேர்தான் நின்றார்கள். ஒரு சீசனின் உயிர் ஒரே உதையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆள் கணக்கில் குறைவு! சீசன் முழுவதும் அந்த அணியின் உதைப் பிரிவுகள் பலவீனமாகவே இருந்தன, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சரி செய்யப்படவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பிரிவின் பயிற்சியாளர் நீக்கப்பட்டார்.

ராட்ஜர்ஸைக் குற்றத்திலிருந்து முற்றிலும் விடுவிக்கவும் நான் தயாரில்லை. முதல் வாய்ப்பில் டச்டவுன் எடுத்த அணி அதற்குப் பிறகு மூன்றே புள்ளிகள் எடுத்தது. கடைசி வாய்ப்பில் இருவர் சூழ்ந்து நின்ற டவான்டே ஆடம்ஸை நோக்கி ராட்ஜர்ஸ் நீண்ட பந்தை வீசியபோது, குறுக்கே ஆலன் லஸார்ட் தனியாக நின்றுகொண்டிருந்தார். பிளே ஆஃபில் ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிராக ராட்ஜர்ஸ் ஆடிய நான்கு ஆட்டங்களும் தோல்விதான்.


நான்காம் முயற்சி எழுதியது:

பனித்திடல் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. அதே ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரத்துக்கு முன் டாம்பாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் பில்ஸ் விஷயத்தில் நான் சொல்வது இன்னும் துலங்கும்.

ராம்ஸ் மூன்றாம் கால்பகுதியில் 27-3 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு கூப்பர் கப் பந்தைத் தவறவிட்டார், ஸ்னாப் செய்த (ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் கொடுத்த) பந்து குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டின் கையைத் தாண்டிப் போனது, முதல் பாதியில் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைப் பறிகொடுத்த கேம் ஏக்கர்ஸ் இரண்டாவது முறையாகவும் பறிகொடுத்தார். ஆக மொத்தம் நான்கு ஃபம்பிள். பக்கனியர்ஸின் 44 வயது குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு இத்தனை இனாம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. மைக் எவன்ஸுக்கு 55 யார்டு டச்டவுன், பிறகு நான்காவது முயற்சியில் லெனார்ட் ஃபோர்னெட்டின் 9 யார்டு ஓட்டம். 42 வினாடி மீதமிருக்கையில் 27-27.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பக்கனியர்ஸ் தடுப்பணியை நடத்திய டாட் போல்ஸ், பில்ஸ் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தார். பின்வாங்கி நிற்காமல், பெரிய பிளிட்ஸாக ஆட்களை ஸ்டாஃபோர்டின் மேல் ஏவிவிட்டார். அடி விழும் முன் ஸ்டாஃபோர்ட் பந்தை உயர வீச, நடுவே ஓடிய கப் அதை 44 யார்டுக்குப் பிடித்தார். எல்லோரும் ஓடி வந்து வரிசையில் நிற்க, ஸ்டாஃபோர்ட் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். 4 வினாடி மீதம். மேட் கே 30 யார்டு ஃபீல்ட் கோல் அடித்தார். இந்த கே முன்பு பக்கனியர்ஸுக்கு ஆடி, அந்த அணியால் விடுவிக்கப்பட்டவர்.

ஒரே நாளில் இரண்டு அணிகள், எதிரெதிரான இரண்டு உத்திகள், இரண்டிலும் நடுவே ஓடிய ஒரு நட்சத்திர ரிசீவர். பக்கனியர்ஸ் தோல்விக்கு யாரும் விதியைக் குறை சொல்லவில்லை. போல்ஸ் ஏன் பிளிட்ஸ் விட்டார் என்றுதான் கேட்டார்கள். பில்ஸ் ஆட்டத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதற்குக் காரணம், அதற்குப் பிறகு ஒரு டாஸ் நடந்தது என்பதே.


எருமைக்கொம்பு எழுதியது:

அந்த ஒப்பீடு அழகாக இருக்கிறது, ஆனால் வாதத்தைத் தாங்கவில்லை. ராம்ஸ் கடைசி உதையை அடித்தபோது ஆட்டம் முறையான நேரத்தில் முடிந்தது; இரு அணிகளுக்கும் அதுவரை சம வாய்ப்பு இருந்தது. பில்ஸ் 13 வினாடியில் இழந்தது வெற்றியை. ஆட்டத்தை இழக்கவில்லை, அது 36-36 என்று சமனில் இருந்தது. சமனில் இருக்கும் ஆட்டத்தை எப்படி முடிக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. முன்னர் செய்த தவறுக்குத் தண்டனையாகப் பந்தே கொடுக்காமல் அனுப்பலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

அப்படிப் பார்த்தால் சீஃப்ஸும் தவறு செய்யாத அணி இல்லை. அன்று பட்கர் 50 யார்டு ஃபீல்ட் கோல் ஒன்றைத் தவறவிட்டார், டச்டவுனுக்குப் பிந்தைய ஒற்றைப் புள்ளி உதை ஒன்றையும் தவறவிட்டார். அந்த நான்கு புள்ளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விளையாட என்னால் முடியும், ஆனால் வேண்டாம். இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2018 சீசனில் இதே சீஃப்ஸ், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் கூடுதல் நேரத்தில் 37-31 என்று தோற்றபோது மஹோம்ஸ் கைக்கும் பந்து வரவில்லை. அடுத்த ஆண்டு விதியை மாற்றச் சொல்லி லீக்கிடம் கேட்டது சீஃப்ஸ்தான். அன்று மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நாம் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.


ஓஹியோ கரை எழுதியது:

டாஸ்தான் எல்லாம் என்பவர்களும் டாஸ் ஒன்றுமே இல்லை என்பவர்களும் அடுத்த வார இறுதியை மறந்துவிடுகிறார்கள். ஜனவரி 30 அன்று அதே ஆரோஹெட் மைதானத்தில், அதே சீஃப்ஸ், எங்கள் பெங்கால்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்துக்குப் போனது. டாஸையும் சீஃப்ஸே வென்றது. மூன்றாவது பாஸில் ஜெஸ்ஸி பேட்ஸ் தட்டிவிட்ட பந்தை வான் பெல் பிடித்தார், எவன் மெக்ஃபெர்சன் 31 யார்டு ஃபீல்ட் கோல் அடித்தார், 27-24. முதல் பாதியில் 21-3 என்று பின்தங்கியிருந்த அணி வென்றது.

அந்த ஆட்டத்திலும் விதியைவிட ஒரு முடிவுதான் கனத்தது. முதல் பாதியின் கடைசி 5 வினாடியில் சீஃப்ஸ் 1 யார்டு தொலைவில் நின்றது. ஃபீல்ட் கோல் அடித்து மூன்று புள்ளிகளை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஹில்லுக்குப் பக்கவாட்டில் ஒரு பாஸ் கொடுக்க, ஈலை ஆப்பிள் அவரைக் கோட்டுக்கு முன்னேயே மடக்கிவிட்டார்; நேரம் முடிந்தது, புள்ளி எதுவும் இல்லை. முறையான நேரத்தில் ஆட்டம் 24-24 என்று சமனானது என்பதை நினைத்தால் அந்த மூன்று புள்ளிகளின் மதிப்பு புரியும்.

டைட்டன்ஸை வென்றதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மாட்டேன். நாஷ்வில்லில் அன்று எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 9 முறை சாக் ஆனார் (பாஸ் வீசும் முன் வீழ்த்தப்பட்டார்). பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றில் ஒரு குவார்ட்டர்பேக் விழுந்த சாதனை எண்ணிக்கைக்குச் சமம். 9 முறை விழுந்தவர் வென்றார், எதிரணியின் ரையன் டேனஹில் முதல் பாஸிலேயே இன்டர்செப்ஷன் கொடுத்துத் தொடங்கி, 16-16 என்று இருக்கையில் 20 வினாடி மீதமிருக்கும்போது மூன்றாவதையும் கொடுத்து முடித்தார். ஆப்பிள் கையில் பட்டுத் தெறித்த பந்தை லோகன் வில்சன் பிடித்தார், ஜமார் சேஸுக்கு 19 யார்டு பாஸ் ஒன்று, பிறகு 52 யார்டு உதை. புதுமுக உதைக்காரரான மெக்ஃபெர்சன் அடிக்கப் போகும் முன்பே, கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போகிறோம் போலிருக்கிறது என்று சக வீரரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். பெங்கால்ஸ் தன் வரலாற்றில் வெளியூரில் வென்ற முதல் பிளே ஆஃப் ஆட்டம் அது. அந்த ஓட்டம் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ராம்ஸிடம் 23-20 என்று நின்றது. அங்கே பரோ 7 முறை சாக் ஆனார். முன்வரிசைத் தடுப்பைச் சரிசெய்யாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனோம்.


புதிய பார்வையாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதைப் படிக்கும்போது 2019 உலகக்கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி நினைவுக்கு வருகிறது. சூப்பர் ஓவரும் சமனான பிறகு பவுண்டரி எண்ணிக்கையை வைத்து இங்கிலாந்தை வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். சில மாதங்களில் ஐ.சி.சி. அந்த விதியையே எடுத்துவிட்டது. நியூசிலாந்துக்கு அதனால் கோப்பை கிடைக்கவில்லை. பில்ஸ் விஷயமும் அதுபோலத்தானா? புதிய விதி வந்த பிறகு பிரச்சினை தீர்ந்துவிட்டதா?


கடிகாரப் பிரியர் எழுதியது:

பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியது.

2022 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 29-3 என்று வாக்களித்து, பிளே ஆஃபில் மட்டும், முதல் அணி டச்டவுன் எடுத்தாலும் இரண்டாவது அணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்று ஆக்கினார்கள். 2025 முதல் வழக்கமான சீசன் ஆட்டங்களுக்கும் அது வந்துவிட்டது. பிளே ஆஃபில் இந்த விதியின் முதல் சோதனை 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர் பௌலில் வந்தது. ஃபார்ட்டி நைனர்ஸ் டாஸ் வென்று முதலில் பந்தைக் கேட்டது. ஃபீல்ட் கோல் அடித்து 22-19 என்று முந்தியது. சீஃப்ஸ் 75 யார்டு போய் மெக்கோல் ஹார்ட்மனின் டச்டவுனோடு 25-22 என்று வென்றது. விதி மாறியிருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று தோற்ற அணியின் சில வீரர்கள் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார்கள். சீஃப்ஸ் வீரர்களோ அதைப் பயிற்சி முகாமிலிருந்தே பேசிவந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டாவதாக ஆடுவதன் பலன் அந்தக் கடைசி ஓட்டத்திலேயே தெரிந்தது. சீஃப்ஸுக்கு என்ன தேவை என்பது முன்கூட்டியே தெரியும். தன் பாதியிலேயே நான்காவது முயற்சியில் 1 யார்டு தேவைப்பட்ட இடத்தில் மஹோம்ஸ் தானே ஓடி 8 யார்டு எடுத்தார். முதலில் ஆடும் அணி அந்த இடத்தில் பெரும்பாலும் பண்ட் அடித்திருக்கும். ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் கைல் ஷானஹான் முதலில் பந்தைக் கேட்டதற்குச் சொன்ன காரணமும் ஒதுக்கத்தக்கதில்லை: இரு அணிகளும் சமமாக எடுத்தால் மூன்றாவது வாய்ப்பு தங்களுக்கு வரும், அதில் எந்தப் புள்ளி எடுத்தாலும் வெற்றி என்பது அவர் கணக்கு.


எருமைக்கொம்பு எழுதியது:

அப்படியானால் அந்தப் புதிய விதியையே 2022 ஜனவரி 23க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கெல்சியின் டச்டவுனுக்குப் பிறகு சீஃப்ஸ் ஒற்றைப் புள்ளி உதையையும் அடித்து 43-36 என்று ஆகியிருக்கும். ஆலனுக்கு நான்கு முயற்சிகள், தேவை டச்டவுன் என்று தெரியும், எதிரே கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை அவரை நிறுத்த முடியாத தடுப்பணி. டச்டவுன் வந்திருக்காது என்று பந்தயம் கட்ட இங்கே யாராவது தயாரா? அதற்குப் பிறகும் 2023, 2024 சீசன்களின் பிளே ஆஃபில் சீஃப்ஸிடம் தோற்றோம், 27-24, 32-29. அவற்றுக்கு நான் விதியைக் குறை சொல்லவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.


நான்காம் முயற்சி எழுதியது:

டச்டவுன் வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 43-42 என்று நிற்கும்போது மெக்டெர்மட் என்ன செய்திருப்பார்? ஒற்றைப் புள்ளி உதைக்குப் போனால் 43-43, அடுத்த பந்து மஹோம்ஸ் கைக்கு, எந்தப் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் முடிவு. அன்றைய பில்ஸ் தடுப்பணியை நம்பி அதைச் செய்வதைவிட இரண்டு புள்ளி முயற்சிக்குப் போவதுதான் அறிவு. 13 வினாடி மீதமிருக்கையில் பந்தை எண்ட் ஸோனுக்கு அடிக்கவிட்ட பயிற்சிக் குழு அந்தத் துணிவைக் காட்டியிருக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.


கடிகாரப் பிரியர் எழுதியது:

காட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். 29-26 ஆக்கிய அந்த இரண்டு புள்ளி முயற்சி அன்றே பலித்திருந்தது, ஆலன் பந்தோடு தானே ஓடக்கூடியவர் என்பதால் 2 யார்டு தொலைவில் அவரைத் தடுப்பது எந்த அணிக்கும் எளிதில்லை. ஆனால் சீஃப்ஸும் இதையெல்லாம் யோசித்து, தன் டச்டவுனுக்குப் பிறகே இரண்டு புள்ளிக்குப் போய் 44-36 ஆக்க முயன்றிருக்கலாம். அதைப் பற்றிப் பேசுவதென்றால் தனி இழையே தொடங்க வேண்டும்.